பெல்ட்டை விடுங்கள், மேட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர், காரில் ஏற மறுக்கும் பெரிய நாயை ஏற்றும் வழியை நாலே வரியில் எழுதியிருந்தார். முன்னால் ஒருவர் பெல்ட்டைப் பிடித்து இழுக்க வேண்டுமாம், பின்னால் ஒருவர் தள்ள வேண்டுமாம், இரண்டு தடவை இப்படிச் செய்தால் மூன்றாவது தடவை 'யார் எஜமான்' என்று அதற்குப் புரிந்துவிடுமாம். படித்துவிட்டு நான் என் வலது முன்கையைப் பார்த்துக்கொண்டேன். முழங்கைக்குக் கீழே ஒரு நீளத் தழும்பு இருக்கிறது, நகம் கீறியது. அந்த அன்பர் சொன்ன முறையை நான் இரண்டு தடவை இல்லை, ஒன்றரை வருடம் செய்து பார்த்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், வெட்டுவதென்றால் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டாமல் போடுங்கள், அதில்தான் ஒரு கோரிக்கை இருக்கிறது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வீட்டு நாயின் பெயர் குட்டி. தாய் அல்சேஷன் (இப்போது ஜெர்மன் ஷெப்பர்டு என்கிறார்கள், எங்கள் தலைமுறைக்கு அல்சேஷன்தான்), தகப்பன் யாரென்று அந்தத் தோட்டத்துக்கே தெரியாது. இரண்டு மாதக் குட்டியாக அட்டைப்பெட்டியில் வைத்து, பஸ்ஸில் என் மடியிலேயே வந்தவன். அன்றைக்கு வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது, எடைதான் நிற்கவில்லை. நான் சொல்லப்போகிற சமயத்தில் அவனுக்கு ஆறு வயது, 41 கிலோ. உரக்கடைத் தராசில் நான் அவனோடு ஏறி நின்று, பிறகு நான் மட்டும் ஏறி நின்று, கழித்துக் கண்டுபிடித்த எடை.

2023 மே மாதம். வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர எடுக்க வேண்டிய இ-பாஸ் எல்லாம் வருவதற்கு முந்தைய வருடம். சீசன் நேரத்தில் மேலே வருகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் கீழே இறங்குகிறவற்றைக் கோத்தகிரி வழியாகவும் விடுவார்கள் என்பது உங்கள் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், கோத்தகிரிக்காரனுக்கு அந்த ஒரு மாதம் வீட்டு வாசலைத் தாண்டுவதே பெரிய காரியம். அந்த நேரம் பார்த்து குட்டிக்கு ஒரு காது பூரி மாதிரி உப்பிவிட்டது. தலையை ஓயாமல் உதறினால் காது மடலுக்குள் ரக்தம் கட்டிக்கொள்ளும், பெரிய காது உள்ள நாய்களுக்கு இது வருவதுண்டு. இங்கே இருக்கிற டாக்டர் விடுப்பில் இருந்தார். குன்னூர் போயாக வேண்டும், சுமார் 20 கிலோமீட்டர். கார் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, நான் இருக்கிறேன், என் மனைவி இருக்கிறாள், குட்டி மட்டும் வாசற்படிக் கம்பத்தில் முதுகை ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.

அன்பர் சொன்னபடியே செய்தோம். நான் முன்னால் இழுத்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி பின்னால் தள்ளினார். என் மனைவி பிஸ்கெட்டைக் காட்டி "வாடா கண்ணு, வாடா ராஜா" என்று கூப்பிட்டாள். நாலு காலையும் ஊன்றி அவன் பின்னுக்கு இழுத்த இழுப்பில் பெல்ட் தலைவழியாகக் கழன்று நான் கார் கதவில் போய் மோதினேன். திரும்ப மாட்டினோம். இந்தத் தடவை தம்பி இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். ஆறு வருடமாக வீட்டில் யாரையும் பார்த்து உறுமாதவன் திரும்பி அவருடைய கையைக் கவ்விவிட்டான். பெரிய கடி இல்லை, இரண்டு பல் பதிந்த இடம். ஆனால் ரத்தம் வந்தது.

குட்டிக்கு வருடா வருடம் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டை கையில் இருந்தது, 'ஒன்றும் ஆகாது அண்ணே' என்று தம்பியே சொன்னார். அந்தப் பேச்சுக்கு நான் இடம் கொடுக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவவைத்து, அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் அன்றைக்கே முதல் ஊசி, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று முறையாகப் போட்டு முடித்தோம். வெறிநாய்க்கடிக்கு உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்காமல் 1902இல் ஒரு பெண் இறந்துபோனதால் எழுந்த முயற்சியில்தான், 1907இல் குன்னூரில் பாஸ்டியர் நிலையமே வந்தது. அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கடியை அலட்சியம் செய்தால் அதைவிடக் கேவலம் இல்லை. தம்பி வீட்டில் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. குட்டியின் காதுக்கு மறுநாள் விடுப்பிலிருந்து திரும்பிய நம் டாக்டரே வீட்டுக்கு வந்து வைத்தியம் பார்த்தார்.

அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. குட்டியின் அடுத்த ஊசிக்கு, அதற்கடுத்த ஊசிக்கு என்று ஒவ்வொரு தடவையும் அதே இழுபறி. 'அடம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்று நான் என் மனைவியைச் சொல்ல, அவள் என்னைச் சொல்ல, இப்படியே 2024 கடைசி வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் அவள்தான் கவனித்தாள். பனி கொட்டுகிற மாதம், வெளியே ஒரே வெள்ளை. குட்டி படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்க முன்கால் இரண்டையும் ஊன்றி, பின்புறத்தை இழுத்து இழுத்து எழுகிறான். திண்ணைக்கு இருக்கிற மூன்று படியை முன்பெல்லாம் ஒரே தாவலில் ஏறுகிறவன், இப்போது சுற்றிக்கொண்டு பக்கவாட்டுச் சரிவு வழியாக வருகிறான். ஓடும்போது பின்கால் இரண்டையும் முயல் மாதிரி சேர்த்து வைத்துத் தாவுகிறான். "இவனுக்கு அடம் இல்லீங்க, வலி" என்றாள். எனக்கு யாரோ தலையில் குட்டிய மாதிரி இருந்தது.

டாக்டர் வந்து இடுப்பைத் தொட்டு, காலைப் பின்னுக்கு நீட்டிப் பார்த்தார், குட்டி முனகினான். தொடை எலும்பின் உருண்டை, இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தாமல் லொடலொடவென்று இருக்கும், உராய்ந்து உராய்ந்து வாதமாகிவிடும், அல்சேஷன் லாப்ரடார் மாதிரிப் பெரிய சாதிகளில் பரம்பரையாகவே வருகிற கோளாறு, எடை கூடக்கூட மோசமாகும் என்று சொன்னார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் எவ்வளவு என்று தெரியும், கோயம்புத்தூர் போய்விட்டு வாருங்கள் என்றார். சரிதான். காரில் ஏறுவது ஏன் வலிக்கிறது என்று கண்டுபிடிக்க, வலிக்கிற நாயைக் காரில் ஏற்றி மலையிறக்க வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏறமாட்டேன் என்கிற நாய்களுக்கெல்லாம் இடுப்பு வலி என்று நான் சொல்லவில்லை. சிலதுக்கு வாந்தி பயம். சிலதுக்குக் கார் என்றாலே ஊசிதான், வேறு எங்கேயுமே கூட்டிப்போனதில்லை என்றால் அது எப்படி நம்பும்? சிலது குட்டியில் காருக்குள்ளிருந்து வழுக்கி விழுந்திருக்கும். ஆனால் நேற்றுவரை தாவி ஏறிய நாய் இன்றைக்கு நிற்கிறது என்றால் முதலில் காலையும் இடுப்பையும் முதுகையும் டாக்டரிடம் காட்டுங்கள், பிறகு எஜமான் யார் என்கிற விசாரணையை வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, வீட்டில் கிடக்கிற காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு ஒன்றும் செய்யாத மாத்திரையில் சிலது நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும்.

எக்ஸ்ரேக்கு எப்படிப் போனோம் என்பதுதான் விஷயம். எங்கள் வீட்டுக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன் வீடுகளின் கடைசியில் ஒரு பெரியவர் இருக்கிறார், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சின்ன வயதில் பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு ஏற்றிக்கொண்டு போன ஆள். நான் பெல்ட்டும் கையுமாக நிற்பதைத் தேயிலைச் செடிக்கு நடுவே நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மேலே வந்தார். "தம்பி, மாடு ஏத்தறவன் கயித்தைப் பார்க்கமாட்டான், எடத்தைத்தான் பார்ப்பான்" என்றார். சொல்லிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வரச் சொன்னார்.

எங்கள் வீட்டிலிருந்து நூறு அடியில், பறித்த இலையை மூட்டை கட்டி லாரியில் ஏற்றுகிற இடம் இருக்கிறது. ரோட்டுக்கு மேலே இரண்டரை அடி உயரத்தில் ஒரு மண்மேடு, முன்னால் கல் அடுக்கியிருக்கும். முப்பது வருடம் அந்த மேட்டிலிருந்து மூட்டை ஏறுவதைப் பார்த்தவன் நான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். காரை அந்த மேட்டை உரசுகிற மாதிரி ஒட்டி நிறுத்தச் சொன்னார், ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்குக் கல் முட்டுக் கொடுத்தார். மேடும் பின் இருக்கையும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். நடுவே அரையடி இடைவெளி, அதில் கால் இறங்கிவிடக்கூடாது என்று ஒரு பலகையைப் போட்டு மேலே சாக்கை விரித்தார். அப்புறம் எதிர்ப்பக்கக் கதவைத் திறந்துவைக்கச் சொன்னார். "வெளிச்சத்துல நிக்கற மாடு இருட்டுக்குள்ள போகாது. அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிஞ்சா, வழி இருக்குதுன்னு நெனச்சுப் போகும்." அந்தப் பக்கம் என் மனைவியை நிற்கவைத்தோம், நாய் உள்ளே நுழைந்து அப்படியே ரோட்டுக்குப் பாய்ந்துவிடக்கூடாது அல்லவா.

குட்டி மேட்டில் நின்று மோந்து பார்த்தான். பலகையில் ஒரு காலை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். நான் வாயைத் திறக்கப் போனேன், பெரியவர் என் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டார். ஐந்து நிமிடம் இருக்கும். ஒருவரும் இழுக்கவில்லை. அவனாகவே நடந்து உள்ளே போய், எதிர்ப்பக்கம் நின்ற என் மனைவியின் கையை நக்கிவிட்டு, இருக்கையில் உட்கார்ந்தான். ஒன்றரை வருடச் சண்டை அவ்வளவுதான். பெரியவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார், நான் காசு கொடுக்கப் போனதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மலையில் இருக்கிறவர்களுக்கு இந்த வசதி எங்கே பார்த்தாலும் கிடைக்கும். வீட்டுத் திண்ணை, தடுப்புச் சுவரின் மேல்திட்டு, லாரி நிற்கிற இடம், ஏதோ ஒன்று. மேடு கிடைக்காவிட்டாலும் சரிவு இருக்கிறது. சரிவான ரோட்டில் காரின் பின்பக்கம் மேட்டைப் பார்க்க நிறுத்தினால், பின்னால் தரை உயர்ந்திருக்கும், டிக்கி தாழ்ந்துவிடும். பள்ளத்தைப் பார்க்க நிறுத்தினால் அதே டிக்கி மலை மாதிரி எழும்பும். இது தெரியாமல் நான் பல தடவை பள்ளத்தைப் பார்க்கத்தான் நிறுத்தியிருக்கிறேன், வண்டியைத் திருப்ப வசதியாக இருக்கும் என்று. போகிற இடத்தில் டாக்டர் வீட்டு வாசலில் மேடு இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது, அங்கே இறக்க வேண்டுமே. ஏறுவதைவிட இறங்குவதுதான் மோசம், உடம்பின் பாரம் முழுக்க முன்கால் மூட்டில் வந்து விழும், பயந்த நாய் கதவைத் திறந்ததும் குதித்துவிடும். அதற்காகத்தான் பலகை செய்தேன்.

பலகை விஷயத்தில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். முதலில் நாலடிப் பலகை. தூக்கிவைக்க லேசாக இருந்தது, ஆனால் இரண்டடி உயரத்துக்கு நாலடிப் பலகை என்றால் 30 டிகிரிச் சரிவு, ஏணி மாதிரி நின்றது. குட்டி அதைப் பார்த்ததும் மறுபடி கம்பத்தடிக்கே போய்விட்டான். அதே உயரத்துக்கு ஆறடிப் பலகை போட்டால் 20 டிகிரிக்குள் வந்துவிடும். சில்வர் ஓக் பலகை, ஒன்றரை அடி அகலம், அதற்குக் குறைந்தால் பெரிய நாய் கால் வைக்கத் தயங்கும். அடியில் குறுக்கே மூன்று சட்டம் அடித்தேன், நடுவில் வளையாமல் இருக்க. நடக்கும்போது பலகை கொஞ்சம் ஆடினால் போதும், அன்றைக்கு நாய் உங்களை நம்பாது. மேலே சாக்கு அடித்தேன், அதுவும் நம் ஊர்த் தூறலில் நனைந்து வழுக்கியது, பிறகு தென்னை நார் மிதியடி இரண்டை வாங்கி ஒட்டினேன், அதுதான் நிற்கிறது. மேல்முனையில் ஒரு கயிறு, காருக்குள் சீட் பெல்ட் கொக்கியில் கட்டிவிட்டால் பலகை பின்னால் நழுவாது. கடைகளில் மடிக்கிற பலகை விற்கிறார்கள், விலையைப் பார்த்துவிட்டு நான் சுத்தியலை எடுத்தேன்.

பலகையைக் கொண்டுபோய் நேராகக் காரில் சாய்க்காதீர்கள். மூன்று நாள் அதை முற்றத்தில் தரையோடு தரையாகப் போட்டுவைத்து, அதன்மேல்தான் சோற்றுத் தட்டையே வைத்தோம். பிறகு ஒரு முனைக்குக் கீழே செங்கல் ஒன்று. பிறகு இரண்டு. ஒரு வாரத்துக்குப் பிறகுதான் கார். அதுவும் நிறுத்திய கார், எஞ்சின் கிடையாது, இரண்டு பக்கக் கதவும் திறந்து, உள்ளே அவன் படுக்கிற பழைய கம்பளியை விரித்து. ஏறினால் ஒரு துண்டு வேகவைத்த கோழி ஈரல், உடனே இறங்க விடுவது. கதவைச் சாத்தவே கூடாது. அடுத்த நாள் கதவு சாத்தி அரை நிமிடம், அடுத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்து அணைப்பது, பிறகு கீழ் வளைவு வரை போய்த் திரும்புவது. இதற்கெல்லாம் யாருக்கு நேரம் என்று கேட்பீர்கள். நாள் ஒன்றுக்குப் பத்து நிமிடம். இழுத்துத் தள்ளி மூச்சு வாங்கி, அப்புறம் நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் பேசாமல் இருக்கிற நேரத்தைக் கணக்குப் போட்டால் இது ஒன்றுமே இல்லை.

ஈரலுக்கு முன்னால் நாங்கள் கொடுத்தது வர்க்கி, எங்கள் மலையின் மொறுமொறு பேக்கரிப் பண்டம். ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023இல், எங்கள் குட்டி அதற்கு வெகுகாலம் முன்பே அதை அங்கீகரித்துவிட்டான். டாக்டர் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார், மைதாவும் கொழுப்பும் இவன் இடுப்புக்கு எமன் என்று. நிறுத்தினோம், இப்போது 36 கிலோ, நடையிலேயே வித்தியாசம் தெரிகிறது. சுற்றுலா வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாயோடு வந்து வீட்டுச் சாக்லேட்டை அரைக்கிலோ ஒருகிலோ என்று வாங்கிப் பின் இருக்கையில் வைத்துவிட்டுத் தாவரவியல் பூங்காவுக்குப் போகாதீர்கள். சாக்லேட் நாய்க்கு விஷம், கறுப்பு சாக்லேட் இன்னும் அதிகம். நாயைக் காரில் பூட்டிவிட்டுப் போவதும் தப்பு. இங்கே குளிர்கிறதே என்று நினைப்பீர்கள், வெயில் அடித்தால் கண்ணாடி மூடிய கார் இங்கேயும் சூடாகும், மேட்டுப்பாளையத்தில் டிபன் சாப்பிட நிறுத்தினால் சொல்லவே வேண்டாம். யாராவது ஒருவர் பொட்டலம் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பெல்ட்டைப் பற்றி. கழுத்தில் இழுத்தால் எந்தப் பிராணியும் எதிர்ப்பக்கம்தான் இழுக்கும், அது எதிர்ப்பு இல்லை, உடம்பின் சுபாவம். உங்கள் சட்டைக் காலரை யாராவது முன்னால் இழுத்தால் நீங்களும் அதைத்தான் செய்வீர்கள். மார்பைச் சுற்றி வருகிற ஹார்னெஸ் வாங்குங்கள், அதையே காருக்குள் சீட் பெல்ட்டோடு மாட்டிவிடலாம். கழுத்துப் பட்டையை சீட் பெல்ட்டில் மாட்டாதீர்கள், பிரேக் அடித்தால் கழுத்து நெரியும். ஜன்னலில் தலையை நீட்டிக் காற்று வாங்குவது பார்க்க அழகாக இருக்கும், கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும்போது அந்த அழகு தேவையில்லை.

மலையிறக்கம் என்பது தனி விஷயம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அதற்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் கீழே இறங்குகிறோம். நமக்கே காது அடைத்து வாய் ஊறுகிறது. நாய் நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால், ஓயாமல் கொட்டாவி விட்டால், எச்சில் நூலாக ஒழுகினால், வாந்தி வரப்போகிறது என்று அர்த்தம். கிளம்புவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் கொஞ்சம் கொடுக்கலாம். ஜன்னலை இரண்டு விரற்கடை இறக்கிவிடுங்கள். வளைவுக்கு வளைவு பிரேக் அடித்துப் பறக்காமல் கியரில் இறங்குங்கள், இரண்டு இடத்தில் அகலமான ஓரம் பார்த்து நிறுத்தி இறக்கி நடக்கவிடுங்கள் (காட்டு மாடு நிற்கிற இடமாகப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், ஒரு தடவை செய்திருக்கிறேன்). நாய்களுக்கென்றே வாந்தி மாத்திரை உண்டு, எடையைச் சொல்லி டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஒரு தடவை வாந்தி எடுத்த நாய் அடுத்த தடவை காரைப் பார்த்தாலே எச்சில் விடும், பிறகு அதை மறக்கடிக்க மாதக்கணக்காகும். சின்னக் குட்டிகளுக்கு வாந்தி அதிகம், வளர வளரப் பலதுக்குச் சரியாகிவிடும்.

அவசரம் வந்தால் பலகையும் பழக்கமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, தூக்கத்தான் வேண்டும். தெம்பு இருக்கிற நாய் என்றால் முன்கால் இரண்டையும் இருக்கையில் வைக்கச் செய்து, ஒரு நிமிடம் விட்டு, பின் தொடைக்கு அடியில் கையைக் கொடுத்து மெதுவாக எழுப்பினால் போதும், முழுப் பாரமும் உங்கள் மேல் விழாது. இடுப்பு வலி உள்ளதென்றால் ஒரு நீளத் துண்டை அடிவயிற்றுக்குக் கீழே, பின்காலுக்கு முன்னால் கொடுத்து இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் ஒரு தொட்டில் மாதிரி தாங்கும், நாயே முன்காலால் நடக்கும். எழவே முடியாததை இரண்டு பேர் சேர்ந்து கெட்டியான போர்வையில் படுக்கவைத்து நாலு முனையையும் பிடித்துத் தூக்குங்கள். முன்காலைப் பிடித்துத் தொங்கவிட்டுத் தூக்குவதைப் பார்த்திருக்கிறேன், தோள் மூட்டு என்னத்துக்கு ஆகும்? வலியில் இருக்கிற நாய் சொந்தக்காரனையும் கடிக்கும், எங்கள் தம்பி கடிபட்டது அப்படித்தான். ஒரு துணியால் வாயை இதமாகக் கட்டிவிட்டுத் தொடுங்கள், ஆனால் வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சுத் திணறுகிற நாய்க்கும் வாய் கட்டவே கூடாது.

கோயம்புத்தூரில் எக்ஸ்ரே எடுத்தோம். இடது இடுப்பு மோசம், வலது பரவாயில்லை. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், எடையைக் குறைத்து, மாத்திரை கொடுத்து, தாவவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அங்கே வாசலில் காரை நிறுத்தியதும் பலகையை எடுத்துப் போட்டேன், குட்டி நிதானமாக இறங்கி வந்தான், அங்கே நாலு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவருடைய ஆட்டோவில் ஒரு கிழட்டு லாப்ரடார் இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தது, பலகையை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் டோக்கன் வாங்கப் போனேன்.

இனிமேல் கோரிக்கை. சொந்தக் காரும் சுத்தியலும் உள்ளவன் நான் சமாளித்துவிட்டேன். லைன் வீடுகளில் பெரிய நாய் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். சிறுத்தையும் கரடியும் வாசலுக்கு வருகிற ஊரில் நாய் குரைத்துத்தான் குழந்தைகளுக்கு விஷயம் தெரியும், அது அங்கே அழகுக்கு இல்லை. அதற்கு உடம்புக்கு வந்தால் வாடகை ஜீப்புக்காரர் யோசிக்கிறார், ஆட்டோக்காரர் சீட்டைக் காட்டுகிறார், அவர்களையும் குறை சொல்ல முடியாது. 1962 என்ற எண்ணில் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் இருக்கிறது, நல்ல விஷயம், ஆனால் முக்கியமாக ஆடுமாட்டுக்கென்று வந்தது, ஒற்றையடிப் பாதையில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் அதனால் வர முடியாது. எப்படியோ ஒரு பிக்கப் வண்டியைப் பிடித்து மாட்டாஸ்பத்திரி வாசல்வரை வந்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே இறக்குவதற்கு என்ன இருக்கிறது? மாட்டை நிறுத்தி ஊசி போட இரும்புக் கம்பிச் சட்டம் பல இடத்தில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் மேடை கட்டினால் என்ன? இரண்டடி உயரம், நாலடி அகலம், பின்பக்கம் பத்தடி நீளத்துக்குச் சொரசொரப்பான சரிவு. வண்டியைப் பின்னால் எடுத்து ஒட்டி நிறுத்தினால் நாயும் இறங்கலாம், பிக்கப்பில் வருகிற கன்றுக்குட்டியும் ஆடும் இறங்கலாம். ஒரு மேஸ்திரிக்கு இரண்டு நாள் வேலை, கல்லுக்கு நீலகிரியில் பஞ்சமா? மாவட்டத்தில் கால்நடைத் துறையைக் கவனிக்கிறவர்கள் கண்ணில் இது படட்டும் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன். ஒரே ஒரு மருந்தகத்தில் கட்டிப் பார்க்கட்டும், அளவு வேண்டுமென்றால் அந்தப் பெரியவரைக் கேட்கட்டும், அவர் கண்ணாலேயே அளந்து சொல்லிவிடுவார்.

இழுக்கச் சொன்ன அன்பருக்குக் கோபம் இல்லை. அவர் கோத்தகிரிப் பக்கம் வந்தால் என் பலகையை வந்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வரட்டும், இப்போதைக்கு அது வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு லாப்ரடார் வாங்கியிருக்கிறார், அது காரில் ஏறமாட்டேன் என்கிறதாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.